ரூபாய்க்கு ஆறு தம்பிடி

இது ஒரு சிறு தொகையின் வரலாறு. சட்டத்தில் பிறந்த அன்று அது ரூபாய்க்கு ஆறு தம்பிடி. 192 தம்பிடி சேர்ந்து ஒரு ரூபாய் ஆன காலம் அது. ஆறு தம்பிடி என்றால் அரையணா. இன்று அது ரூபாய்க்குப் பத்துப் பைசாவாக வளர்ந்திருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் வடகோடியில், விளாத்திகுளம் வட்டத்தில், மன்னார் வளைகுடாவை ஒட்டிக் கிடக்கும் வேம்பாரில் ஒருவர் வீட்டுத் தீர்வை கட்டினால், அந்த ரசீதிலும் இது 'நூலக வரி' என்ற பெயரில் இருக்கும். தீர்வை இருநூறு ரூபாய் என்றால் நூலக வரி இருபது ரூபாய். மொத்தத் தொகையைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுப்பவர்களில் எத்தனை பேர் கண் அந்த இடத்தில் நிற்கும்? நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஏனென்றால் அந்த இருபது ரூபாய் ரசீதில் ஏறுவதற்குள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதைச் சுமந்து வந்தவர்கள் அமைச்சர்களோ செல்வந்தர்களோ அல்லர். சங்கமாகக் கூடிய நூலகர்கள்.

புத்தகத்துக்குக் காசு கொடுப்பது இந்தக் கரைக்குப் புதிதில்லை. முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற ஏழு கடல்துறைகளில் வேம்பாரும் ஒன்று. வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு ஆகியவை மற்றவை. மீன்பாட்டில் ஒரு பங்கைக் கோவிலுக்கென்று ஒதுக்குவது இங்கே பழைய வழக்கம். 16-ஆம் நூற்றாண்டில் அன்றிக்கு அன்றீக்கசு என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் தமிழ் கற்று, தமிழிலேயே புத்தகம் அச்சிட முனைந்தபோது, இந்தக் கரையின் பரதவர்கள் 400 குருசாதோ திரட்டிக் கொடுத்தார்கள். குருசாதோ என்பது அன்றைய போர்த்துக்கீசியப் பொற்காசு. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. பதினாறே பக்கம். 1586-இல் 'அடியார் வரலாறு' இந்த முத்துக்குளித்துறையிலேயே அச்சேறியது. அது அறுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட பெரிய நூல். மூச்சடக்கிக் கடலில் இறங்கிச் சிப்பி எடுத்தவர்களின் பணம் அச்செழுத்தாக மாறிய கதை இது. தமிழ் உரைநடையின் வரலாற்றில் இதற்கு இணையான இன்னொரு கொடையை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு அந்த 'அடியார் வரலாறு' என்ன ஆனது? அடித்துப் பரப்பிய கரையில் அது தங்கவில்லை. இன்று அறியப்பட்ட பிரதிகள் வத்திக்கான் நூலகத்திலும் கோபன்ஹேகன் அரச நூலகத்திலும் இருக்கின்றன. 1950-களில் தமிழறிஞர் தனிநாயகம் அடிகளார் வத்திக்கான் பிரதியைத் தமிழுலகத்துக்கு அறிவித்தார். 1967-இல் அருட்தந்தை ச. இராசமாணிக்கம் அதைப் பதிப்பிக்க, தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் வெளியிட்டது. 381 ஆண்டுகளுக்குப் பிறகு புத்தகம் ஊர் திரும்பியது. மக்கள் கொடுத்த கொடை அச்சடிக்கப் போதுமானதாக இருந்தது. அடித்ததை வைத்துக் காப்பாற்ற, ஆண்டு தவறாமல் வரும் வேறொரு பணம் வேண்டியிருந்தது. அலமாரிக்கு, கட்டடத்துக்கு, பட்டியல் எழுதுகிற ஓர் ஆளின் சம்பளத்துக்கு. அந்தப் பணத்தைத்தான் நாம் பின்தொடரப் போகிறோம்.

அதன் முன்னோர் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். 1850-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பொது நூலகச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. கொண்டுவந்தவர் வில்லியம் ஈவர்ட் என்ற உறுப்பினர். தேவையான விவரங்களைச் சேகரித்துக் கொடுத்தவர் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் வேலை பார்த்த எட்வர்ட் எட்வர்ட்ஸ். பத்தாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர்களில், சொத்து மதிப்பில் பவுனுக்கு அரைப் பென்னி வரை நூலகத்துக்காக வசூலிக்க நகராட்சிகளுக்கு அது அனுமதி கொடுத்தது. கட்டடம் கட்டலாம், ஆள் வைக்கலாம். ஆனால் அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கக்கூடாது! புத்தகத்தை யாராவது தானமாகக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1855-இல், அரைப் பென்னி முழுப் பென்னி ஆனது. புத்தகம் வாங்கவும் வழி பிறந்தது. அதற்குமேல் அது நகரவில்லை. 1877-இல் லண்டனில் நூலகர்கள் தங்களுக்கென்று சங்கம் கண்டார்கள். அமெரிக்காவில் அதற்கு முந்தைய ஆண்டே பிலடெல்பியாவில் சங்கம் பிறந்திருந்தது. பிரிட்டிஷ் சங்கம் வாதாடி வாதாடி, 1919-இல்தான் ஒரு பென்னி என்ற உச்சவரம்பு நீங்கியது. நாற்பது ஆண்டுக்கு மேல் ஒரே கோரிக்கையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கத் தனிமனிதரால் முடியாது. மனிதர் ஓய்வு பெறுவார், இறந்துபோவார். சங்கம் அடுத்த ஆண்டு மாநாட்டிலும் அதே தீர்மானத்தைக் கொண்டுவரும்.

1924-இல் சென்னைப் பல்கலைக்கழகம் சீர்காழிக்காரர் ஒருவரைத் தன் முதல் நூலகராக நியமித்தது. மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த சீ. இரா. ரங்கநாதன். நூலகத்தில் தனியே உட்கார்ந்திருப்பது பிடிக்காமல், சில நாட்களிலேயே திரும்பக் கல்லூரிக்கே போகிறேன் என்று கேட்டவர். லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்து முடிவு செய் என்று அனுப்பிவைத்தார்கள். அங்கே கிராய்டன் நகர நூலகத்தின் தலைவர் பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். ரங்கநாதன் நாடு முழுக்க நூலகம் நூலகமாகப் போய்ப் பார்த்தார். தொழிலாளியும் குழந்தையும் வீட்டுப் பெண்ணும் வந்து புத்தகம் எடுத்துப் போவதைக் கண்டார். புத்தகங்களை வகைபிரித்து அடுக்க அவர் வகுத்த கோலன் பகுப்பு முறையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பயணத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் 1925-இல் அவரோடு கப்பலேறி வந்தது பகுப்பு முறையின் கரு மட்டும் இல்லை. வீட்டுவரியோடு நூலகத்துக்கும் ஒரு சிறு காசைச் சேர்த்து வாங்கும் ஏற்பாடும் அவர் மனத்தில் இருந்தது. நம் ஊர் வாசகனுக்குப் பகுப்பு முறையைவிட இதுதான் அதிகம் செய்திருக்கிறது என்பது என் எண்ணம்.

1928 ஜனவரியில் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. ரங்கநாதன் அதன் செயலாளர். மறு ஆண்டே நூலகர்களுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்தியது. 1931-இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. அதே 1931-இல் ரங்கநாதனின் 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' சங்க வெளியீடாக வந்தது. விதிகளைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அந்தப் புத்தகத்துக்குள் ஒரு மாதிரி நூலகச் சட்டமும் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். எந்த ஊருக்கு யார் பொறுப்பு, பணம் எங்கிருந்து வரும், யார் கணக்குக் காட்டவேண்டும் என்று பிரிவு பிரிவாக எழுதிய முன்வரைவு அது. அதை அவர் 1930 டிசம்பரிலேயே காசியில் நடந்த அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் முன்வைத்திருந்தார். நம் ஆறு தம்பிடி இந்திய மண்ணில் தாளில் இறங்கியது அங்கேதான்.

1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி புறப்பட்டது. உள்ளே புத்தக அலமாரி. ஓய்வுபெற்ற பொறியாளர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை தன் செலவில் செய்து கொடுத்த நடமாடும் நூலகம். ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் கொடுத்து, அடுத்த சுற்றில் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தது. படம் பார்த்தாலே மனம் நெகிழும். ஆனால் வண்டிக்கும் மாட்டுக்கும் ஆளுக்கும் தீவனத்துக்கும் ஒரு பெருமனிதரின் கையைப் பார்த்திருக்க வேண்டியிருந்தது. மன்னார்குடி இருந்த அன்றைய தஞ்சை மாவட்டத்துக்கு ஒரு கனகசபைப் பிள்ளை கிடைத்தார். இராமநாதபுரத்துக்கும் திருநெல்வேலிக்கும் யார் இருந்தார்கள்? பனங்காடும் உப்பளமும் கடலும் மட்டுமே தெரியும் வேம்பார்ப் பக்கம் அப்படியொரு வண்டி வரும் என்று காத்திருந்தால், காத்திருந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

முன்வரைவு சட்டமன்றங்களுக்குப் போனது. வங்காளத்தில் குமார் முனீந்திர தேவ் ராய் அதைக் கையிலெடுத்தார். சென்னையில் 1933-இல் பஷீர் அகமது சையது கொண்டுவந்தார். இரண்டு இடத்திலும் இடறிய கல் ஒன்றுதான்: வரி. நூலகம் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குக் கட்டாய வரி என்றதும் கை பின்வாங்கியது. வரியை எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாமே என்று ஆலோசனை சொன்னார்கள். ரங்கநாதனுக்கு அது உடலை விட்டு உயிரை எடுப்பது.

அதே 1933 செப்டம்பரில் கல்கத்தாவில் முதல் அனைத்திந்திய நூலக மாநாடு கூடியது. தலைமை வகித்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகர் எம்.ஓ. தாமஸ். செப்டம்பர் 13 அன்று இந்திய நூலகச் சங்கம் உருவானது. கல்கத்தா இம்பீரியல் நூலகத்தின் நூலகர் கே.எம். அசதுல்லா செயலாளர்; தேசப் பிரிவினை வரை அவர்தான் அந்தப் பொறுப்பைச் சுமந்தார். லக்னோ, டெல்லி, பாட்னா, பம்பாய், ஜெய்ப்பூர், பரோடா என்று மாநாடுகள் நகர்ந்தன. அந்தக் காலத்தில் நூலகர் என்றால் புத்தகக் காவல்காரர் என்றுதான் ஆட்சியாளர்கள் நினைத்திருந்தார்கள். பஞ்சாபில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் வங்காளத்தில் ஒருவருமாகச் சிதறிக் கிடந்தவர்களுக்கு, ஒரே கோரிக்கையை ஒரே சொற்களில் எழுப்ப ஓர் இடம் கிடைத்தது. தேசியச் சங்கம் ஒன்றால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். ஒரு மாகாணத்தில் தோற்ற முன்வரைவு அந்த மாகாணத்தின் ஆவணக் கட்டில் மக்கிப்போகாமல், அடுத்த மாகாணத்துக்கு நடக்க அது பாதை போட்டது.

1944-இல் ரங்கநாதன் இந்திய நூலகச் சங்கத்தின் தலைவரானார். 1953 வரை இருந்தார். 1945-இல் சென்னையை விட்டுக் காசி போனார், பின் டெல்லி. அதே 1945-இல் கோலாப்பூர் சமஸ்தானம் ஒரு நூலகச் சட்டம் இயற்றி முந்திக்கொண்டது. சென்னையில் 1946-இல் கல்வி அமைச்சரான தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் பழைய முன்வரைவுக்கு உயிர் கொடுத்தார். 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். 1950-இல் நடைமுறைக்கு வந்தது. எழும்பூர் கன்னிமாரா நூலகம் மாநில மைய நூலகம் ஆனது. வீட்டுவரி, சொத்துவரியில் ரூபாய்க்கு ஆறு தம்பிடி மேல்வரி என்று சட்டப் புத்தகத்தில் ஏறியது. காசியிலிருந்து சென்னைக்குப் பதினெட்டு ஆண்டு நடந்து வந்திருக்கிறது அந்த அரையணா.

இந்தச் சட்டத்தின் அழகு தொகையில் இல்லை, தொகை போகிற வழியில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஊராட்சி வசூலிக்கும் நூலக வரி ஊராட்சிக்குச் சொந்தமில்லை. வாங்கி ஒப்படைப்பது மட்டுமே அதன் வேலை. பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் நிதியில் போய்ச் சேரவேண்டும். ஒரு மாவட்டத்துக்கு ஓர் ஆணைக்குழு. சென்னை நகருக்குத் தனியே ஒன்று. மாவட்டங்களில் மக்கள் கொடுக்கும் தொகைக்குக் குறையாத தொகையை அரசும் கொடுக்கவேண்டும் என்று சட்டம் எழுதியது. வேம்பாரில் வீடுகள் சின்னவை, தீர்வையும் சின்னது. ஊர்ப் பணத்தை ஊரே வைத்துக்கொள் என்று விட்டிருந்தால் ஒரு நாளிதழுக்கும் ஒரு மேசைக்கும் மேல் கண்டிருக்காது. மாவட்டக் கணக்கில் சேர்வதால் தூத்துக்குடி மாநகரின் கடைகளும் மாடி வீடுகளும் கட்டும் சொத்துவரியின் பங்கும் அதே குடத்தில் விழுகிறது. குடத்திலிருந்து எடுக்கும்போது கடற்கரையூர் தான் ஊற்றியதைவிட அதிகம் மொண்டுகொள்ளலாம். நன்கொடையில் நடக்கும் நூலகத்தில் கொடுத்தவரின் பெயர் சுவரில் இருக்கும். மற்றவர்கள் நன்றியோடு வந்து போகவேண்டும். இங்கே வலை பின்னுகிறவரின் மகளும் பனையேறியின் மகனும் தங்கள் அப்பா வரி கட்டிய கட்டடத்துக்குள் நுழைகிறார்கள்.

தசம நாணயம் வந்தபின் தம்பிடி போனது. வீதம் மூன்று பைசா, ஐந்து பைசா என்று ஏறிப் பத்துப் பைசாவில் நிற்கிறது. 1972-இல் பொது நூலகங்களுக்குத் தனி இயக்ககம் வந்தது. அதுவரை கல்வித்துறைத் தலைவர் தன் பல வேலைகளோடு இதையும் பார்த்துக்கொண்டார். முதல் இயக்குநராக அமர்ந்தவர் வே. தில்லைநாயகம், நூலகத் தொழிலில் வளர்ந்தவர். நூலகத் துறைக்கு நூலகரே தலைவராக வேண்டும் என்பது சங்கங்களின் பழைய கோரிக்கை. ரங்கநாதன் பெங்களூரில் காலமானதும் அதே ஆண்டுதான், செப்டம்பர் 27. இன்று தமிழ்நாட்டில் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எல்லாம் சேர்த்து 4,500-க்கு மேல் இருக்கின்றன. அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையில் கதவு திறக்கும் முன்பே வந்து நிற்கும் கிளை நூலகங்களை எந்த மாவட்டத்திலும் பார்க்கலாம். அவர்களில் பலருக்கு வீட்டில் படிக்க ஒரு மூலை கிடையாது.

எல்லா மாநிலத்துக்கும் இந்த வாய்ப்பு அமையவில்லை. அரசியலமைப்பில் நூலகம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. டெல்லியில் ஒரு சட்டம் போட்டு நாடு முழுக்க நூலகம் திறந்துவிட முடியாது. இந்திய நூலகச் சங்கம் மாநிலம் மாநிலமாகத்தான் கதவு தட்டவேண்டியிருந்தது. மகாராஷ்டிரம் 1967-இல் சட்டம் செய்தது, வரி வைக்கவில்லை. மேற்கு வங்கம் 1979-இல் செய்தது, அங்கும் வரி இல்லை. கேரளத்தில் பி.என். பணிக்கர் ஊர் நூலகங்களை ஓர் இயக்கமாக்கினார். சட்டம் 1989-இல்தான் வந்தது. இன்னும் சில மாநிலங்களில் சட்டமே இல்லை. வரியில்லாத சட்டம் உள்ள இடத்தில் நூலகம் ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டத்தில் கையேந்தி நிற்கிறது. பணம் குறைகிற ஆண்டில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். ரங்கநாதன் வரிப் பிரிவை விட்டுக்கொடுக்காமல் நின்றதன் அருமை அப்போது புரியும்.

நம்மிடம் வரி இருக்கிறது. ஆனால் பயணம் பாதியில் தடைபடுகிறது. மக்களிடம் வாங்கிய நூலக வரியை உள்ளாட்சி அமைப்புகள் ஆணைக்குழுவிடம் ஒப்படைக்காமல் நிலுவை வைப்பது பல ஆண்டுகளாக வரும் செய்தி. கோடிக்கணக்கில் நிற்கிறது. தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் அவசரம் என்று அந்தப் பணம் திரும்பிவிடுகிறது. அவசரம் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அது வேறொரு வேலைக்கென்று பெயர் எழுதி வாங்கிய பணம். அதன் விளைவு எங்கே தெரிகிறது என்றால், புதுப் புத்தகம் வராத அலமாரியிலும், ஒழுகுகிற கூரையிலும், வழக்கமான காலமுறை ஊதியம் கேட்டு நெடுங்காலமாகக் குரல் கொடுக்கும் ஊர்ப்புற நூலகர்களின் வாழ்க்கையிலும். புத்தகம் கொடுப்பவரும் கணக்கு எழுதுபவரும் கூட்டிப் பெருக்குபவரும் ஒருவராகவே இருக்கும் ஊர்ப்புற நூலகங்கள் எத்தனையோ.

இந்த இடத்தில் சங்கத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நூலகர் சங்கங்கள் இன்று கருத்தரங்கு நடத்துகின்றன, மலர் வெளியிடுகின்றன, நவம்பர் 14 முதல் நூலக வாரம் கொண்டாடுகின்றன. கல்லூரி, பல்கலைக்கழக நூலகர்களின் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை தேவைப்படுவதால் கருத்தரங்குகள் பெருகியிருக்கின்றன. தப்பில்லை. ஆனால் 1930-களின் சங்கம் ஒரு சட்ட முன்வரைவைக் கையில் வைத்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினர்களின் கதவைத் தட்டியது. அந்த உழைப்பின் தொடர்ச்சியாக, மாவட்டவாரியாக எவ்வளவு நூலக வரி வசூலானது, எவ்வளவு ஒப்படைக்கப்பட்டது, எவ்வளவு நிலுவை என்ற பட்டியலை ஆண்டுதோறும் அச்சிட்டு மக்கள் முன் வைக்கும் சங்கம் வேண்டும். கணக்கை வகைப்படுத்தி அடுக்கிக் காட்டுவதில் நூலகரைவிடத் தேர்ந்தவர் யார்?

பட்டியல் வரும்வரை ஊரார் சும்மா இருக்கத் தேவையில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வரவுசெலவு அங்கே வைக்கப்படுகிறது. வேம்பார் என்றாலும் வைப்பாறு என்றாலும் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. சென்ற ஆண்டு நூலக வரியாக ஊரில் எவ்வளவு வசூலானது? மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு எவ்வளவு போனது? எந்தத் தேதியில் போனது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடலாம்.